கனகா அக்கா படிக்காமல் விட்ட மூன்று பாகங்கள்

கனகா அக்கா போய்விட்டார். கூட வேலை செய்த மேரி காலையில் போன் செய்து சொன்னாள். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது...

தொண்ணூறுகளில் பம்மலில் ஷூ தைக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு அடுத்த மெஷின் அக்காவுடையது.

அப்போது ஏழு பாகமாக ஒரு மாயாஜாலக் கதை வந்திருந்தது. ராணி, மந்திரவாதி, பறக்கும் யானை எல்லாம் உண்டு. அதையே ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி தொடராகவும் போட்டார்கள்.

அக்கா வீட்டில் டிவி இல்லை. லெண்டிங் லைப்ரரியில் புக் எடுத்து வந்து மகள் செல்விக்குப் படித்துக் காட்டுவார். ஒன்பது வயது செல்வி ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து டிவியில் பார்ப்பாள்.

திங்கட்கிழமை லஞ்சில் அக்காவோடு ஒரே சண்டைதான்.

"புக்ல யானைக்கு ரெண்டு தலைடி! டிவிக்காரன் ஒண்ண முழுங்கிட்டான்!"

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து முறைப்பார். அக்கா கண்டுகொள்ள மாட்டார்.

நாலாம் பாகத்தில் மந்திரவாதி வைத்த விஷத்தில் ராணியின் மகள் செத்துப்போவாள். அதைக் கேட்டுவிட்டு செல்வி அழுது, சோறே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாளாம்.

"டிவில எழுப்பிடுவாங்க, நீ பாத்துகினே இருன்னு சொல்லி ஊட்டி வுட்டேன்" என்றார் அக்கா.

டிவி அந்த இடத்துக்கு வருவதற்குள் செல்விக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். நாலே நாள்...

வாசலில் கிடத்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் போட்டு வரும் அதே பச்சைப் பாவாடை.

மூன்று வாரம் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். லஞ்சில் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. திடீரென்று கேட்டார்.

"டிவில அந்தப் பொண்ணு இன்னா ஆச்சுடி?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை.

"எழுந்துட்டாக்கா... ராணி மடியில போட்டுகினு பேர் சொல்லிக் கூப்ட்டா. கண்ணத் தொறந்துட்டா."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானுந்தான்டி கூப்ட்டேன்."

அவ்வளவுதான். எழுந்து மெஷினுக்குப் போய்விட்டார்.

மிச்சம் மூன்று பாகத்தை அவர் எடுக்கவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு நானும் டிவியை அணைத்துவிட்டேன். என் தம்பி கத்தினான். போடவில்லை.

கம்பெனி மூடியதும் அக்கா பீர்க்கன்கரணையில் இருந்த அவர் தம்பி வீட்டோடு போய்விட்டார். கடைசியாகத் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். என் மகள் கூட இருந்தாள்.

"உன் பொண்ணாடி? எத்தினாவது படிக்குது?"

"நாலாவதுக்கா."

அவள் கன்னத்தைத் தொடக் கையைக் கொண்டுவந்தார். தொடவில்லை. அதற்குள் ரயில் வந்துவிட்டது. வரேன்க்கா என்று ஓடினேன்... நின்றிருக்கலாம். அடுத்த ரயில் பத்து நிமிஷத்தில் வந்திருக்கும்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். பஸ்ஸில் இருந்துதான் இதை எழுதுகிறேன். பெருங்களத்தூர் கிட்டே டிராஃபிக் நகரவே இல்லை.

முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

வந்துகினே இருக்கேன் அக்கா.