ட்ரிப் சுவிட்சால் உடைந்த மூக்கு

இன்று காலை கெலிஓயாவில் ஒரு வாடகை வீட்டுக்கு வயரிங் பார்க்கப் போனேன். வீட்டுச் சொந்தக்கார நானாவின் மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகியது. குடியிருப்பவர் அவரைச் சட்டையோடு பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார்.

"ஹீட்டர் பைப்ப தொட்ட என் பொண்டாட்டிய கரண்ட் தூக்கி அடிச்சிருக்கு!"

"நீங்கதானே ட்ரிப் விழுகுது, விழுகுதுன்னு ஒவ்வொரு நாளும் கோல் எடுத்தீங்க? அதான் கழட்டினேன்!"

இரண்டாவது குத்து விழுந்தது.

மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரடியாக வயர் கொடுத்திருந்தார் மனுஷன். ஹீட்டரில் கரண்ட் கசிவு இருந்ததால்தான் அது விழுந்து கரண்டை நிறுத்தியிருக்கிறது. உயிரைக் காப்பாற்றும் சாமானைத் தொந்தரவு என்று தூக்கிப் போட்டிருக்கிறார்.

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலதானே தம்பி?" என்று நானா என்னிடம் கேட்டார்.

கரண்ட் அடித்த அந்த அக்கா வாசலில் நின்று கணவரிடம் சொன்னார்: "அவர அடிக்காதீங்க. அந்தப் பைப்ப ஒருக்கா புடிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

நானா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

வீடு வாடகைக்கு விடுகிறவர்களே, ட்ரிப் விழுந்தால் கசிவைத் தேடுங்கள், சுவிட்சைக் கழற்றாதீர்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமத்தி, ட்ரிப் விழுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக எப்போது அமத்தினீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், நான் அடிக்க மாட்டேன்.