பாயில் ஒரு சிவப்புக் கோடு

என் வீட்டுக்காரர் புஷ்பராஜுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் யாராவது சொன்னால், அந்த ஆள் அவரிடம் துணி தைக்கக் கொடுத்ததே இல்லை என்று அர்த்தம். ஹட்டனிலிருந்து வந்து முப்பத்தொரு வருடமாக இங்கே மெஷின் மிதிக்கிறார். யார் வந்து கேட்டாலும், "முடிஞ்சிருச்சு, பட்டன் மட்டுந்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்பார். பட்டனா? துணியை வெட்டியே இருக்கமாட்டார். அந்தக் கடையில் பட்டன் தைக்கிறவள் நான். எனக்குத் தெரியாதா?

ஆனால் ஒன்று. அவர் தைத்தது பிரிந்துபோச்சு என்று இன்றுவரை ஒருவரும் கடைப்படி ஏறியதில்லை. லேட்டாகும், பிரியாது. அந்தப் பெயரில்தான் மனிதர் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்.

அவசரத்துக்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்குக் கிளம்பினவன் கடைவாசலில் வந்து நின்றால், தைக்காத இடத்தைச் சிவப்பு நூலால் கையாலேயே நீள நீளமாக ஓட்டி, அயர்ன் பண்ணிக் கொடுத்துவிடுவார். கல்யாணம் முடிந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்ப வாங்கி மெஷினில் ஒழுங்காக அடித்துக் கொடுப்பார். சட்டைக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதால் சிவப்பு நூல் யார் கண்ணிலும் பட்டதில்லை.

வெள்ளவத்தையில் பல் டொக்டர் ஷிப்லி இருக்கிறார். அவரிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு உண்டு. அதன் பாய் நடுவில் கிழிந்துபோக, கிழிந்த பட்டையை எடுத்துவிட்டுப் புதுத் துணி வைக்கச் சொல்லி ஜூலையில் கொண்டுவந்தார். கடல் கொந்தளிக்கிற மாதம், அவசரமில்லை என்றார். அந்த வார்த்தையை என் வீட்டுக்காரரிடம் சொல்லலாமா? நவம்பர் வந்தது, கடல் அடங்கியது, மற்றப் படகுகள் எல்லாம் ஓடத் தொடங்கின. டொக்டர் ஃபோன் பண்ணினால் இவர் பழக்கதோஷத்தில் பட்டன் மட்டுந்தான் பாக்கி என்றிருக்கிறார். பாய்க்கு எங்கே பட்டன் என்று அந்த மனிதர் கேட்டாராம்.

ஒருவழியாகச் சனிக்கிழமை பாய் போனது. டொக்டருக்கு வாயெல்லாம் பல். ஞாயிறு காலை இந்த சீசனின் முதல் ஓட்டம், கல்கிசையிலிருந்து பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்புவது, நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்றார். கோயில் குளத்தில் கால் நனைக்கவே யோசிக்கிற என் வீட்டுக்காரர் உடனே சரி என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பஸ் லேட். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாயை ஏற்றிவிட்டிருந்தார்கள். லைஃப் ஜக்கெட்டை மாட்டி எங்களை உட்காரவைத்துப் படகும் கிளம்பிவிட்டது. இவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. கடலுக்குத்தான் பயம் என்று நினைத்தேன். அவர் பார்வை மேலே போக, நானும் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைப் பாயின் நடுவில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, நீள நீளமாகச் சிவப்பு நூல்.

பாய்க்கு ஏது உள்பக்கம்?

நாலு பேர் முன்னால் புருஷனை ஏசி எனக்குப் பழக்கமில்லை. தொடையில் கிள்ளினேன். மேல் தையல் மெஷினில் அடித்ததுதான், கீழ்த் தையல்தான் பாக்கி, ஏற்றுவதற்கு முன்னால் வந்து முடித்துவிடலாம் என்றிருந்தேன் என்று முணுமுணுத்தார். அவர் பொக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சாக்கு ஊசி இரண்டு, ஒரு கட்டை தடித்த நூல். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன். முருகன் கோபித்துக்கொள்ளக்கூடாது என்று அவருக்கும் ஒரு தேங்காய்.

டொக்டரோ பாயைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். "நான் கேக்கவே இல்லையே மாஸ்டர், நீங்களா போட்டதா அந்தச் செவப்புக் கோடு? வடிவா ஈக்குது" என்றார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இவர் உட்கார்ந்திருந்தார்.

தெஹிவளை தாண்டியதும் காற்று ஏறியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மேலே 'டிக்' என்று ஒரு சத்தம். டொக்டருக்குக் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. சிவப்பு நூலின் ஒரு முனை காற்றில் ஆடியது. பிறகு இன்னொரு டிக். எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் இவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை, தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பராஜ் தைத்தது பிரிந்துவிட்டது என்று நாளைக்கு ஊர் சொல்லும். இல்லாவிட்டால், அது தைத்ததே இல்லை என்று அவர் வாயாலேயே இப்போது சொல்ல வேண்டும். மூன்றாவது டிக் கேட்டதும் எழுந்து நின்றார்.

"டொக்டர், அது இன்னும் முடியலங்க."

"எது?"

"பாய்."

முப்பத்தொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து 'முடியல' என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

"முடிஞ்ச எண்டு தானே சொன்னீங்க?" என்று கேட்டபடியே டொக்டர் பாயை இறக்கினார். படகில் இன்ஜின் இல்லை. அது தெமட்டகொடையில் ஒரு மெக்கானிக்கிடம் நாளைக்கு வாங்க என்ற நிலையில் இருந்தது. வெள்ளவத்தைக்கு நேரே நங்கூரம் போட்டார்.

இவர் ஒரு முனையில், நான் மறுமுனையில், பாயை மடியில் போட்டுக்கொண்டு தைத்தோம். எதிரே இரண்டடியில் டொக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு எங்கே போவார், சுற்றிலும் கடல். கரையோர ரயிலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் கைகாட்டினார்கள், ஃப்ளாட் மாடிகளில் கூட்டம் நின்று பார்த்தது. நாளைக்கு வாங்க என்று சொல்ல இவருக்கு வழியே இல்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் எங்கள் இரண்டு ஊசிகளும் நடுவில் வந்து சந்தித்தன. நாலு மாத வேலை! எனக்குக் கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

சிவப்பு நூலை உருவப் போனார். அது இருக்கட்டும் என்று டொக்டர் தடுத்துவிட்டார். திரும்பி வரும்போது காற்று இன்னும் பலம். தையல் அசையவில்லை.

இப்போதும் இவர் எல்லோருக்கும் பட்டன் கதைதான் சொல்கிறார். போன வாரம் டொக்டர், படகின் முன்பக்கத்துச் சின்னப் பாயைத் தைக்கக் கொண்டுவந்தார். எப்போது கிடைக்கும் என்று கேட்கவில்லை. ஸ்டூலை மெஷினுக்கு நேரே இழுத்துப் போட்டார், உட்கார்ந்தார், கையைக் கட்டிக்கொண்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.