கடல் பார்த்த சுவருக்கு மஞ்சள்

கிளிஞ்சல் சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் முதலில் சும்மா கிடக்கும். பிறகு உள்ளுக்குள் முனகிக் கொதித்து, மூக்கை எரிக்கிற வெள்ளை ஆவியைக் கிளப்பும். யுத்தம் முடிந்த மறு வருஷம் காசிமேட்டுக் கரையோரம் எங்கள் வீடு எழுந்தபோது தெருவெங்கும் அந்த நெடிதான். பெர்மிட் இல்லாமல் சிமெண்ட் கிடைக்காத காலம் அது. சுவருக்கும் பூச்சுக்கும் சுண்ணாம்பையே நம்பியிருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்.

அந்த வீட்டுக்கு மனை வாங்கிய கையோடு என் அண்ணன் தேவராஜ், சரக்குக் கப்பல் ஒன்றில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போய்விட்டான். புறப்பட்ட அன்று, கல்மண்டபத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையின் வாசலில் நின்று, "வெளிச் செவுத்துக்கு மஞ்ச அடி நைனா. கப்பல்லேர்ந்து பாத்தா இதான் என் வூடுன்னு எனுக்குத் தெரியணும்" என்று சொல்லிச் சிரித்தான். அந்தக் கப்பல் திரும்பவில்லை. நடுக்கடலில் குண்டு பட்டு மூழ்கிவிட்டது என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். கப்பல் ஏஜெண்டின் ஆபீசில் போய்க் கேட்டால் 'தகவல் இல்லை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நைனா, அந்தப் பேச்சைத் தினமும் காதில் வாங்கிவாங்கி, வெளியே சொல்லாமலே நம்பிவிட்டார். அம்மா நம்பவில்லை. வீட்டின் உள்ளே என்ன வேண்டும், எது எங்கே வர வேண்டும் என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை; அவள் கவனமெல்லாம் கடலைப் பார்த்த வெளிச் சுவரின் மேலேயே இருந்தது.

நைனாவின் கணக்கு வேறு. உப்புக்காற்று சுவரின் அடியை அரித்துவிடும், அதற்குத் தார் பூச வேண்டும். பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்துப் பக்கமிருந்து வரும் கரிப்புகை மேலே படியும், அதற்குச் செங்காவி அடித்தால் அழுக்குத் தெரியாது. கொத்தனாரிடம் சொல்லித் தொட்டியில் காவி கரைத்து வைத்துவிட்டார். அம்மா அந்தத் தொட்டியின் முன்னால் வந்து நின்றாள்.

"மஞ்ச ஒரு மழைக்குத் தாங்காதுமே, கலீஜாப் பூடும்" என்றார் நைனா.

"போவட்டும். திருப்பி அடிப்பேன். என் புள்ள வந்து எந்த வூடுன்னு தேடிகினு நிக்கக் கூடாது."

"அவன் எங்கமே கீறான், வர்றதுக்கு?"

அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா அழவில்லை. காவித் தொட்டியைக் காலால் எட்டித் தள்ளினாள். கொத்தனார் சுண்ணாம்படிக்கும் மட்டையைக் கையில் பிடித்தபடி நைனாவைப் பார்த்தார். நைனா கடைக்குப் போய் மஞ்சள் வண்ணப் பொடி வாங்கி வந்தார்.

அம்மா சொன்னபடியே அந்தச் சுவரோடு மல்லுக்கு நின்றாள். மழை கரைத்தது, உப்பு பொரித்தது, மேல்காற்று கரியைக் கொண்டுவந்து அப்பியது. ஒவ்வொரு தரமும் அவளே சுண்ணாம்பில் மஞ்சள் வண்ணத்தைக் கரைத்து ஏணியில் ஏறினாள். உள்ளங்கை சுண்ணாம்பில் வெந்து புண்ணாகி, சோற்றைப் பிசைய முடியாமல் நான் ஊட்டிவிட்ட நாட்கள் உண்டு. "பேஜாரு புடிச்ச பொம்பள" என்று தெருவில் சொன்னார்கள். கப்பல் ஏதாவது ஊதினால் ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்ப்பாள்; அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாயிருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு கால் விந்தி நடக்கிற ஒருவர் வாசலில் வந்து நின்றார். தூத்துக்குடிக்காரர், பெயர் அந்தோணி. அண்ணனோடு அதே கப்பலில் கரி அள்ளியவராம்.

"கடலப் பாத்த மஞ்ச வீடு எதுன்னு கேட்டுக்கிட்டே வந்தேம்மா. எங்க வீடு அப்படித்தான் இருக்கும்னு தேவராஜ் எப்பவும் சொல்லிக்கிட்டு இருப்பான்" என்றார்.

அம்மா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. கப்பல் முழுகியதையும், இருவரும் ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்ததையும், விடிந்தபோது பலகையில் தான் மட்டும் இருந்ததையும், தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். அம்மா, "கப்பல்ல வேளாவேளைக்குச் சோறு போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். "போட்டாங்கம்மா" என்று சொன்னவர்தான் முதலில் அழுதார்.

அந்த வருஷ மழைக்குப் பின் நைனா தாமாகவே மஞ்சள் வண்ணப் பொடி வாங்கி வந்தார். "வேணாய்யா. நீ கேட்ட காவியே அடிச்சிக்கோ" என்றாள் அம்மா. சொன்னவளை ஏறிட்டுப் பார்த்த நைனா பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பிறகு அவர் காவியும் அடிக்கவில்லை, மஞ்சளும் அடிக்கவில்லை. பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும்வரை அந்தச் சுவரை இருவரும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

நான் கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்குப் போனேன். அவர்களுக்குப் பிறகு, அலை ஏறி ஏறி அந்த வரிசை வீடுகளையே கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. போன மாதம் பேரனோடு அங்கே போயிருந்தேன். அலையைத் தடுக்க ஆள் உயரத்துக்குக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கடல் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.