ரெண்டாவது அரோகரா

போன சனிக்கிழமை காலமை நாயோட நடந்து வந்த ஒரு சுவிஸ் அம்மா, என்னைக் கண்டதும் நிண்டா. தொப்பியைக் கழட்டினா. "உங்கட துக்கத்தில நானும் பங்குகொள்ளுறன்" எண்டு ஜேர்மனில மெல்லமாச் சொல்லிப்போட்டுப் போயிட்டா.

எனக்கு முதல் விளங்கேல்லை. என்ர ஃபுட்போல் அணி இந்தச் சீசன் ஆடுற ஆட்டத்தைப் பற்றி இவவுக்கு ஆர் சொன்னது?

பேந்துதான் எங்களை நானே ஒருக்காப் பாத்தன். ஆறு ஆம்பிளையள். ரெண்டு நீளத் தடியைத் தோளில வைச்சுக்கொண்டு, பேர்னில பூம்ப்ளிஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் கார் தரிப்பிடத்தில நிக்கிறம். தடிக்கு மேல நாலு அரிசிச் சாக்கு. மழைத் தூறல் எண்டபடியால் அதை வெள்ளைத் துணியால போர்த்துக் கட்டியிருக்கிறம். பாவம் மனிசி... செத்த வீடு எண்டு நினைச்சிட்டா.

அந்தக் கதைக்கு வாறன். அதுக்கு முதல் இந்தக் கிழமை ஆட்டங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேணும். இல்லாட்டி அதுக்காகவே இந்தப் பக்கத்தைத் திறக்கிற ஆக்கள் கோவிப்பினம். 'அமெரிக்கன் ஃபுட்போல் எண்டால் என்ன?' எண்டு இன்னும் கேக்கிற ஆக்கள் பயப்பிடாதேங்கோ. முட்டை வடிவப் பந்து. அதைக் கையில கொண்டு ஓடுறது, இல்லாட்டி எறியிறது. என்ர மனிசி வதனி இதுக்கு வைச்ச பேர் 'கண்டறியாத விளையாட்டு'. அவ்வளவு தெரிஞ்சால் காணும்.

முதல் வியாழக்கிழமை ஆட்டம். எங்களுக்கு அது வெள்ளி விடியப்புறம். நான் எழும்பிப் பாக்கிறேல்லை. பேர்னிலயிருந்து ஓல்டனுக்கு வேலைக்குப் போற ரெயினில சுருக்கத்தைப் பாத்து முடிப்பன். பச்சைச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் போட்டி. ரெண்டு பக்கமும் நித்திரை! ஒருத்தன்ர கையிலயும் பந்து நிக்குதில்லை. ஞாயிறு முட்டுப்பட்டு மிதிபட்ட உடம்பை வியாழன் திரும்ப ஆடவிட்டால் வேற என்ன நடக்கும்? பின்னேர ஷிஃப்ட் முடிச்சவனை விடியக்காலமை ஷிஃப்டுக்கு வா எண்டு கூப்பிடுற மாதிரித்தான். எங்கட கிடங்கில அப்பிடிக் கூப்பிட்டால் நாங்கள் ஷெஃபோட, அதுதான் மேலாளரோட, சண்டைக்குப் போவம். வியாழக்கிழமை ஆட்டத்தை நிப்பாட்டவேணும் — இதை நான் எழுதி எழுதிக் களைச்சுப் போனன்.

திங்கட்கிழமை ஆட்டம் திறம். பத்து யார், கிட்டத்தட்ட ஒம்பது மீற்றர் தூரம், போக நாலு தரம் முயற்சி செய்யலாம் எண்டது சட்டம். மூண்டு தரம் சரிவராட்டி நாலாவது தரம் பந்தை உதைச்சு அங்கால அனுப்பிப்போட்டு, 'இனி உன்ர பாடு' எண்டு நிக்கிறதுதான் பழைய வழக்கம். நீலச் சட்டைப் பயிற்சியாளர் உதைக்கேல்லை. ஓடிப் பாத்தார். சரிவரேல்லை, ஆட்டமும் போச்சு. உடனே டிவியில ஆளாளுக்கு அவரைப் பிடிச்சுத் தின்னுகினம். நான் சொல்லுறன், அவர் செய்தது சரி. தோத்தாப்பிறகு எல்லாரும் சாத்திரிமார்தானே?

இனி என்ர பழைய பல்லவி. எல்லாரும் பந்தை எறியிறவனைப் பாக்கினம். அவனுக்குத்தான் விளம்பரம், அவனுக்குத்தான் வடிவான பெட்டை. நான் பாக்கிறது முன்னுக்குக் குனிஞ்சு நிக்கிற ஐஞ்சு தடியரை. அவங்களுக்குப் பந்தைத் தொடுற வேலை இல்லை. எதிராளி உள்ள வராமல் மறிச்சுப் பிடிக்கிறதுதான் வேலை. எறியிறவன் சத்தம் குடுப்பான் — எத்தினையாவது சத்தத்துக்கு வெளிக்கிடுறது எண்டு முதலே பேசி வைச்சிருப்பாங்கள். அந்தச் சத்தத்துக்கு ஐஞ்சு பேரும் ஒரே ஆள் மாதிரி எழும்புவாங்கள். அதைப் பாத்துக்கொண்டிருந்தால் எனக்குத் தேத்தண்ணி ஆறிப்போகும்.

இப்ப அரிசிச் சாக்குக்கு வாறன்.

இந்தக் கிழமை கந்தசஷ்டி. ஞாயிறு சூரன்போர். எங்கட கோயிலில சூரன் உருவத்தைத் தோளில காவி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கார் தரிப்பிடத்தைச் சுத்தி ஓடி ஆட்டுற ஆறு பேரில நானும் ஒராள். முன்தடியில நிக்கிறது குகன். என்னிலும் பத்து வயசு இளமை, பூம்ப்ளிஸிலதான் இருக்கிறான். அலுவலகக் கந்தோருகள் துப்புரவாக்கிற வேலை. ஆறு நாளும் விரதம் பிடிச்சுக்கொண்டு, அந்தச் சூரனைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நிப்பான்.

போன வருசம் மழை. ஈரக் கல்லில பின்தடிக்காரன் வழுக்க, சூரன் ஒரு பக்கம் சரிஞ்சு, யானைத் தலை கழண்டு உருண்டு போய் ஒரு காருக்குக் கீழ நிண்டிட்டுது. சனம் சிரிச்சுது. முருகன் வேலோட நிக்கிறார், வெட்டத் தலை இல்லை! தர்மா அண்ணை சிரிக்கேல்லை. அவர்தான் கோயில் செயலாளர். காப்புறுதிக்காரனுக்கும் நகரசபைக்கும் பதில் சொல்லுற ஆள். ஒரு பிள்ளையில விழுந்திருந்தால் என்ன கதி எண்டு கேட்டார். ஞாயமான கேள்வி. அடுத்த முறை சூரனுக்குச் சில்லுப் பூட்டி, வண்டில் மாதிரித் தள்ளுவம் எண்டார். நாங்கள் கெஞ்சினம். கடைசியில ஒரு தவணை தந்தார்: இந்த வருசம் ஒரு பிழையும் வராமல் ஓடினால் தோள். இல்லாட்டிச் சில்லு. சில்லுக்கு ஆளும் பேசி வைச்சாச்சு.

எனக்கு முதுகு நோ இருக்கு. உண்மையைச் சொன்னால், சில்லு வந்தால் எனக்குப் பெரிய கவலை இல்லை. குகனிட்டை அதைப் பகிடியாச் சொன்னன். அவன் சிரிக்கேல்லை.

"ஆக்கள் வீட்டை போனாப்பிறகுதான் அண்ணை நான் வேலைக்குப் போறன். ஒருத்தரும் என்னைக் காணுறேல்லை. இந்த ஒரு பின்னேரம்தான் சனம் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுது. சில்லு எண்டால் அதை ஆரும் தள்ளலாம்."

அதுக்குப் பிறகு நான் முதுகைப் பற்றிக் கதைக்கேல்லை.

போன வருசம் ஏன் வழுக்கினது எண்டு யோசிச்சுப் பாத்தன். மழை ஒரு சாட்டு. நாங்கள் ஆறு பேரும் ஒண்டா வெளிக்கிடேல்லை, அதுதான் விசயம். முன்னுக்கு நிக்கிறவன் பாய, பின்னுக்கு நிக்கிறவன் இழுபட்டுப் போறான். அப்ப இதுக்கு மருந்து என்னட்டை இருக்கல்லோ? எத்தினை வருசமா அந்த ஐஞ்சு தடியரையும் பாத்துக்கொண்டிருக்கிறன்! வாங்கோடாப்பா எண்டு எல்லாரையும் கார் தரிப்பிடத்துக்குக் கூப்பிட்டு, அரிசிச் சாக்கைக் கட்டி, பழக்கினன். குகன் சத்தம் குடுப்பான். முதலாவது சத்தத்துக்கு மூச்சை இழுக்கிறது. ரெண்டாவது சத்தத்துக்கு எல்லாற்றை இடது காலும் ஒண்டா வைக்கிறது.

என்ன சத்தம் குடுக்கிறது? நானே முடிவெடுத்தன். அமெரிக்காக்காரன் மாதிரிக் கத்தேலுமோ, கோயில் காரியம். 'அரோகரா' எண்டு சொல்லுவம் எண்டன். எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சுக்கொண்டுது.

நல்லாத்தான் ஓடினம். திரும்பேக்கை கூட ஒரு சாக்கும் அசையேல்லை. துக்கம் விசாரிச்ச அந்த அம்மா கொஞ்சம் பொறுத்து நிண்டிருந்தால், பிரேதத்தோட இப்பிடி ஓடுற சாதி எது எண்டு பயந்திருப்பா.

வாசிக்கிற உங்களில கெட்டிக்காரருக்கு இப்பவே விளங்கியிருக்கும். எங்களில ஒருத்தருக்கும் விளங்கேல்லை.

ஞாயிறு பின்னேரம். நல்ல சனம். தூர லோசான் நகரத்திலயிருந்தும் வந்திருந்தவை. மேளம் உச்சத்தில. அங்கால முருகன் ஆட்டுக்கடா வாகனத்தில. இஞ்சால நாங்கள், யானைத் தலைச் சூரனோட. ஐயர் தீபம் காட்டினார். குகன் வாயைத் திறக்க முதலே முழுச் சனமும் கையைத் தூக்கி — அரோகரா!

ஒண்டு... ரெண்டு... மூண்டு... ஆர் எண்ணுறது? எனக்கு அது ரெண்டாவது. எனக்குப் பின்னால நிண்டவனுக்கு அது முதலாவது. மற்றத் தடிக்காரருக்குக் கடவுளுக்குத்தான் தெரியும். நான் காலை வைச்சிட்டன், பின்னுக்கு நிண்டவன் வைக்கேல்லை. சூரன் அப்பிடியே இடப் பக்கம் சரியிறார். யானைத் தும்பிக்கை என்ர காதில முட்டுது. சனம் 'ஐயோ' எண்டுது.

மைதானத்தில சனத்தின்ர சத்தத்தில முன்னுக்கு நிக்கிறவனுக்கு ஒண்டும் கேளாது எண்டு முந்தி ஒருக்கா இந்தப் பத்தியில நானே எழுதியிருக்கிறன். அப்பிடி எழுதின விசரன்தான், அரோகரா சொல்லத்தான் சனம் வாற இடத்தில, அரோகராவையே சைகையா வைச்சவன்.

குகன் அசையேல்லை. அவன் இன்னும் காலே வைக்கேல்லை, ஏனெண்டால் அவன்தானே சத்தம் குடுக்கவேண்டிய ஆள். ரெண்டு காலையும் அகட்டி ஊண்டிக்கொண்டு, சரிஞ்சு வந்த பாரம் முழுக்கத் தன்ர தோளில வாங்கினான். கழுத்து நரம்பு புடைச்சு நிண்டுது. ஆறு நாளாச் சோறு காணாத மனிசன். நான் அவனுக்கு நேர பின்னால நிண்டனான். காதுக்குக் கிட்டப் போய்க் கத்தினன்: "தடியில தட்டு! வாயால வேண்டாம், தட்டு!"

சத்தம் கூடின மைதானங்களில அந்த ஐஞ்சு தடியரும் செய்யிறது அதுதான். ஒருத்தனை ஒருத்தன் தட்டி வெளிக்கிடுறது.

குகன் மோதிரக் கையால தடியில ஒரு தட்டுத் தட்டினான். அது ஆறு பேற்றை தோளுக்கும் வந்து சேந்துது. இன்னொரு தட்டு. ஆறு இடது காலும் ஒண்டா விழுந்துது. சூரன் நிமிர்ந்தார்.

பிறகு எங்களை ஒருத்தரும் பிடிக்கேல்லை. யானைமுகத்துக்கு ஒரு சுத்து, தலையை மாத்திச் சிங்கமுகத்துக்கு ஒரு சுத்து, சூரபத்மனுக்கு ஒரு சுத்து. முருகனைக் காவின ஆக்களுக்கு மூச்சு வாங்கிப்போச்சு. பொடியள் பெட்டையள் எல்லாம் 'குகன் அண்ணை, குகன் அண்ணை' எண்டு கத்திக்கொண்டு பக்கத்தில ஓடி வருதுகள். வேல் பட, தலை கழண்டுது — கழண்டு விழவேண்டிய இடத்திலதான் விழுந்துது. மாமரம் வந்து, சேவலும் மயிலும் வந்து, எல்லாம் முறைப்படி முடிஞ்சுது.

ஆனால் தர்மா அண்ணை எங்களிட்டை வரேல்லை. தூரத்தில நிண்டு ஒருக்காப் பாத்திட்டு உள்ள போயிட்டார்.

குகன் தோளைத் தடவிக்கொண்டு குந்தியிருந்தான். சரிஞ்சதைத் தர்மா அண்ணை கண்டிட்டார், முடிஞ்சுது எண்டான். என்ர மடத்தனத்தால வந்த வினை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. வீட்டை வா எண்டு கூட்டிக்கொண்டு வந்தன். தனிய விட மனமில்லை.

குளிர்காலத்துக்கு எங்கட மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினது அண்டைக்குத்தான், அமெரிக்காவில அடுத்த ஞாயிறுதான் மாறும். அதால ஏழு மணிக்குத் துவங்கிற ஆட்டம் இந்த ஒரு கிழமை மட்டும் ஆறு மணிக்கு. வீட்டை வந்து சேர ஆட்டம் துவங்குது. என்ர அணிக்கு வாழ்வா சாவா ஆட்டம். வதனியும் விரதம், குகனும் விரதம், விரதம் முடிக்கிற பாறணை அடுத்த நாள்தான். அதால எனக்கும் மிக்சர் கிடைக்கேல்லை.

குகன் இந்த விளையாட்டை முன்னப்பின்னப் பாத்ததில்லை. நான் பந்தைக் காட்டி விளங்கப்படுத்த வெளிக்கிட்டன். அவன் கையைக் காட்டி மறிச்சான். பந்து கிடக்கட்டும் அண்ணை, முன்னுக்கு நிக்கிற உந்த ஐஞ்சு பேரையும் பாருங்கோ எண்டான். பிறகு ஒவ்வொரு தரமும் அவங்கள் எழும்பேக்கை அவன்ர தோளும் சோபாவில ஒருக்கா எழும்புது. எத்தினை வருசமா நான் தனிய இருந்து பாக்கிறன்... அண்டைக்குத்தான் எனக்கு ஒரு கூட்டாளி கிடைச்சான்.

அப்பதான் குகன்ர ஃபோன் அடிச்சுது. தர்மா அண்ணை. குகன் எழும்பி நிண்டு எடுத்தான், ஏதோ அவர் நேர வந்து நிக்கிற மாதிரி. எடுக்கேக்கை கை பட்டு ஸ்பீக்கரும் வேலை செய்யத் துவங்கிட்டுது.

"சரிஞ்சதைக் கண்டனான்" எண்டார் தர்மா அண்ணை. "சரிஞ்சது விழேல்லை எண்டதையும் கண்டனான். சில்லுக்காரனுக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அடுத்த வருசமும் முன்தடி உமக்குத்தான்."

குகன் ஓம் அண்ணை, ஓம் அண்ணை எண்டான். ஃபோனை வைச்சிட்டு இருந்தான். இருந்தவன் ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நல்லா அழுதான். வதனி தண்ணி கொண்டுவந்து குடுத்தாள்.

விரதக் களை எண்டான்.

ஓம், விரதக் களைதான் எண்டு நானும் சொன்னன். விரதமே பிடிக்காத எனக்கும் அண்டைக்கு அந்தக் களை கொஞ்சம் இருந்துது.

ஆட்டமோ? என்ர அணி தோத்துப்போச்சாம். ஆர் பாத்தது!