அழுத்தாமல் விட்ட பொத்தான்

தெரிந்தேதான் செய்தேன். கை தவறியும் அல்ல, வேலை மும்முரத்தில் மறந்தும் அல்ல. அழுத்த வேண்டிய ஒரு பொத்தானை அழுத்தாமல் விட்டேன். அதனால் பவித்ராவின் வேலை போயிற்று.

இதை அவளிடம் சொல்லத் துணிவில்லாமல்தான் உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாத உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது... பார்த்தீர்களா, இதிலும் கோழைத்தனம்!

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். இயந்திரங்களுக்கான கையேடுகளைத் தயாரிக்கிறோம். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புத்தகத்தின் கடைசியில் அகர வரிசையில் ஒரு பட்டியல் வருமல்லவா, அந்தச் சொல்லடைவுதான் பதினான்கு வருடமாக என் வேலை. படித்துக்கொண்டே போய் முக்கியமான இடங்களில் குறி வைப்பேன். மென்பொருள் அந்தக் குறிகளைத் திரட்டி, பக்க எண்களோடு பட்டியலாக்கித் தரும். "இண்டெக்ஸா? அக்கா கிட்ட குடு, கண்ண மூடிக்கினு அனுப்பலாம்" என்பார்கள். அந்த ஒரு பேச்சைக் கேட்பதற்காகவே தினமும் ரயிலேறினேன் என்றால் நம்புவீர்களா?

பிறகு அவள் வந்தாள். கோவளத்துப் பெண். அம்மா மீன் விற்பவர். ஆறு மாதம் பார்த்துவிட்டு, சரியாகச் செய்தால் நிரந்தரம் என்று எடுத்திருந்தார்கள்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குத் தமிழில் ஐந்து தொகுதிகள் செய்துகொண்டிருந்தோம். நான்காவது அவளுடையது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? நேராகத் தொழிற்சாலைக்குப் போய், ஃபிட்டர்களுக்கு நடுவில் இரண்டு நாள் நின்றாள். கையேட்டில் 'மசகுப்பொருள்' என்று இருப்பதை அவர்கள் 'கிரீஸ்' என்றுதானே சொல்கிறார்கள்? அவர்கள் வாயில் வரும் சொற்களை எல்லாம் எழுதிவந்து, அவற்றையும் சொல்லடைவில் சேர்த்தாள்.

"எப்படிம்மா தோணிச்சு உனக்கு?" என்று கேட்டேன்.

"எங்கம்மா கூடைல கீறது ஒரே மீனுதான்க்கா. வாங்க வர்றவங்க ஆளுக்கு ஒரு பேரு சொல்லிக் கேப்பாங்க. எந்தப் பேரச் சொன்னாலும் எடுத்துக் குடுத்தாத்தானே யாவாரம்!"

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? பதினான்கு வருடம்... ஒருநாள்கூட ஏன் தோன்றவில்லை? வயிறு எரிந்தது. "அக்கா, மத்த நாலு தொகுதிக்கும் பவித்ரா பண்ண மாதிரியே பண்ணிடுங்க" என்று மேலாளர் வேறு வந்து சொன்னார். அன்று மதியம் சோறு இறங்கவில்லை. அவள் தன் டப்பாவிலிருந்து ஒரு வஞ்சிரத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். ருசியாக இருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்!

அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாள். இரண்டு பக்கப் பாதுகாப்புக் குறிப்பை நான்காம் தொகுதியின் தொடக்கத்தில் சேர்க்கும்படி தொழிற்சாலையிலிருந்து சொன்னார்கள். அவள் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். "அக்கா, நீங்களே சேத்து அனுப்பிடுறீங்களா? நீங்க பாத்தா எனக்குக் கவலையே இல்ல" என்றாள் போனில்.

சேர்த்தேன். முன்னால் இரண்டு பக்கம் நுழைந்தால் பின்னால் உள்ளவை எல்லாம் இரண்டிரண்டு பக்கம் தள்ளிப்போகும். 'புதுப்பி' என்ற பொத்தானை ஒருமுறை அழுத்தினால், சொல்லடைவின் எண்களும் தாமே மாறிக்கொள்ளும். ஒரு நொடி வேலை. சுட்டியை அதன் மேல் கொண்டுபோனேன்... எடுத்துவிட்டேன். கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.

புத்தகங்கள் வந்ததும் தொழிற்சாலையில் எல்லோர் முன்னிலும் விரித்தார்கள். நானும் பவித்ராவும் போயிருந்தோம். ஃபிட்டர் ஏழுமலை ஆசையாகத் தேடினார். "கிரீஸ்... நாப்பத்தி நாலு." புரட்டினார். "இன்னாம்மா இது? கிரீஸ் போடுறது எங்கன்னு பாத்தா ஒயர் படம் கீது!" சிரித்தார்கள். ஐந்து சொற்களைத் தேடிப் பார்த்தார்கள். ஐந்தும் தப்பு.

அலுவலகம் திரும்பியதும் மேலாளர் முன்னால் அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, பக்கம் சேத்தப்புறம் அப்டேட் பண்ணீங்கல்ல?"

"பண்ணேனே. நீ வெச்ச குறியிலதான் ஏதோ தப்பு இருந்திருக்கும்."

வாய் கூசாமல் சொன்னேன். பதினான்கு வருடம் பிழையே செய்யாதவள் சொன்னால் யார் சந்தேகிப்பார்கள்? அவளே சந்தேகிக்கவில்லை! அந்த மாதத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள். போகும்போது, "நான் இன்னொரு தடவ செக் பண்ணியிருக்கணும்க்கா" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனாள்.

மறு அச்சுக்கு அந்தக் கோப்பைத் திறந்தேன். பொத்தானை அழுத்தினேன். கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அவள் வைத்த குறிகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. கடைசிப் பக்கத்தில் 'சொல்லடைவுத் தயாரிப்பு' என்று போட்டு, மேலாளர் என் பெயரைச் சேர்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர மகிழ்ந்தேன். அதையும் மறைக்க மாட்டேன்.

போன வாரம் தாம்பரத்தில் ரயிலேறினேன். அவள்! நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். கூடுவாஞ்சேரியில் ஒரு செல்போன் கடையில் வேலையாம்.

"ஏழுமலை அண்ணா புது புக்க போட்டோ எடுத்து அனுப்பினாருக்கா. நான் சேத்த வார்த்தைல ஒண்ணக்கூட எடுக்கல நீங்க. சந்தோஷமா இருந்திச்சு." பிறகு கேட்டாள்: "அக்கா, நான் வெச்ச குறியில என்ன தப்புன்னு கண்டுபுடிச்சீங்களா? எவ்ளோ யோசிச்சும் எனக்குப் புரியல. வேற கம்பெனில கேக்கலாம்னா பயமாக் கீது. திரும்ப அதே தப்பப் பண்ணிட்டேன்னா?"

சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் இருந்தாள்; தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். வாய்வரை வந்தது...

"சின்னத் தப்புதாம்மா. நான் சரிபண்ணிட்டேன், விடு" என்றேன்.

"தேங்க்ஸ்க்கா" என்றாள்.

வண்டலூர் வந்தது. இறங்கிவிட்டேன். அவள் எண் என் போனில் இருக்கிறது. இந்த வரியை எழுதும் வரை நான் அழைக்கவில்லை.