ஸ்டென்ட் வைத்தவனுக்கு ஒரு சைக்கிள்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கும் தாளில் ஏழாவது குறிப்பு இப்படிச் சொல்கிறது: நடைப்பயிற்சி நீங்கலாக வேறு எந்த உடற்பயிற்சியும் இதய மருத்துவரின் ஒப்புதலுக்குப் பிறகே. அந்த ஒப்புதலை எழுத்தில் தர வேண்டும், இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று எட்டாவது குறிப்பு சொல்லியிருக்க வேண்டும். எட்டாவது குறிப்பு ஊறுகாயைப் பற்றியது.

நான் ரயில்வேயில் ஓய்வூதியப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விதி இருக்கும் இடத்தில் நிம்மதியாகத் தூங்குவேன். நடப்பதைத் தவிர வேறு எதையாவது செய்ய ஆசையும், அதைவிட அதிகமாகப் பயமும் கொண்ட இதய நோயாளிகளுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு முதல் அறிகுறி நெஞ்சில் வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிகளைச் சுற்றி நடப்பது என் காலை வழக்கம். ஒருநாள் வடக்குச் சித்திரை வீதியில் திரும்பும்போது இடது தாடை வலித்தது. நின்றால் நின்றது, நடந்தால் வந்தது. பல்தான் என்று நானே முடிவுசெய்து பல் மருத்துவரிடம் போனேன். அவர் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. "நடக்கும்போது மட்டுமா சார் வலிக்குது?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் ஆட்டோவை வரவழைத்து ஏற்றிவிட்டார்.

சிறிய மாரடைப்பு என்றார்கள். சிறியது என்பது அவர்கள் கணக்கு. அன்றே ஆஞ்சியோபிளாஸ்டி (மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறப்பது) செய்தார்கள். திறந்த இடம் மறுபடி மூடாமலிருக்க ஸ்டென்ட் (சிறிய உலோக வலைக்குழல்) வைத்தார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள். ஒரு வருடத்துக்கு நிறுத்தக் கூடாது. முகம் மழிக்கையில் கீறல் விழுந்தால்கூட ரத்தம் நிற்க நேரமாகும். கீழே விழுந்து தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டேன்.

"விழாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நோய் தொடங்கியது என்று சொல்வேன். சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலக் கழுத்தில் நாடி பார்ப்பேன். மருந்துக்கடை இருக்கும் பக்கமாகவே நடப்பேன். எங்கள் பிரிவிலிருந்து ஓய்வூதியர்களுக்கு அனுப்பும் பதில்களில் சில, 'பெறுநர் காலமானார்' என்ற தபால்காரரின் குறிப்போடு திரும்பி வருவதுண்டு. கோப்பில் சேர்த்துவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். அந்த உறைகள் இப்போது அடிக்கடி நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் பெறுநராக என் முகவரி இருந்தது.

தினமும் நடந்ததில் முழங்கால் வீங்கியது. பிசியோதெரபிஸ்ட் (இயன்முறை மருத்துவர்) ஒரு பெண். "வாரத்துல ரெண்டு நாள் நடக்காதீங்க சார், சைக்கிள் ஓட்டுங்க. லேசான வண்டியா, கியர் நெறைய இருக்கிறதா பாத்து வாங்குங்க. மேடு வந்தா மூச்சு வாங்கக் கூடாது, கியரத்தான் மாத்தணும்" என்றார். இதற்குப் பெயர் கிராஸ் டிரெயினிங் (வழக்கமான பயிற்சிக்கு இடையில், வேறு தசைகளுக்கு வேலை தரும் மாற்றுப் பயிற்சி). அவர் அறையில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் இருந்தது. ஏறிப் பார்த்தேன். எதிரே சுவர், கேட்பதற்கு என் இதயத்தைத் தவிர வேறு சத்தமில்லை. இறங்கிவிட்டேன்.

இதய மருத்துவர் டிரெட்மில் சோதனை (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்வது) எடுத்துப் பார்த்துவிட்டு, "தாராளமா ஓட்டுங்க" என்றார்.

"எழுத்துல கிடைக்குமா டாக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மனு குடுங்க. பதில் அனுப்பறோம்."

அன்றே எழுதினேன். முறைப்படி மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வழியாக, இணைப்புகளுடன், பதிவுத் தபாலில். என் மனைவி வசந்தா உறையைப் பார்த்துவிட்டு, "எதுக்க உக்காந்திருந்த மனுஷனுக்கா பதிவுத் தபாலு?" என்று கேட்டாள்.

பதில் வரும் இடைவெளியில் வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மலைக்கோட்டைக்குக் கீழே பாரூக் பாயின் கடைக்குப் போனோம்.

"வாங்க சார், வாங்கம்மா. பேரனுக்கா?"

"எனக்கு. ரோடு பைக்."

"மாஷா அல்லாஹ்" என்றார் பாய். வாழ்த்தா, அனுதாபமா என்று பிரிக்க முடியவில்லை.

பெயர்தான் பைக்; வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட சைக்கிள்தான். அவர் வேகத்தைப் பற்றிப் பேசினார். நான் நிறுத்துவதைப் பற்றி மட்டுமே கேட்டேன். என் நிலையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். வண்டிச் சட்டத்தின் மேல்குழாய்க்கு இருபுறமும் கால் வைத்து நின்றால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் இருந்தால் மேடு எளிது. மழையிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக் நல்லது. டயரில், கிடைப்பதிலேயே அகலமானது. காலணியைப் பெடலோடு பூட்டும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம்; நிற்கும்போது காலை எடுக்க மறந்தால் அப்படியே சாய்வோம்.

"கார்பன் வண்டி ஒண்ணு காட்டட்டுமா சார்? ஒத்த விரல்ல தூக்கலாம்."

"வாரத்துல ரெண்டு நாள் ஓட்டுறவனுக்கு எதுக்கு பாய்?"

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்றாங்க."

அலுமினியச் சட்டம் போட்ட, ஆரம்ப நிலை வண்டி ஒன்றைத் தாங்கியில் மாட்டி என்னை ஏற்றினார். வளைந்த கைப்பிடியில் குனிந்து நாலு மிதி மிதித்தேன். நெஞ்சு இறுகியது.

காலை நிறுத்தினேன். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் இருந்தது; கை அதுவரை போகவில்லை. கடைக்கு வெளியே ஜவுளி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில்தானா முடியப்போகிறது என்று நினைத்தேன்.

"என்ன சார், மொகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது?" பாய் தோளைப் பிடித்து இறக்கினார். நிமிர்ந்து உட்கார்ந்ததும் இறுக்கம் போய்விட்டது. போனாலும் விடக் கூடாது. நேராக மருத்துவமனைக்குப் போனோம். நீங்களும் போக வேண்டும். இதயமா, வேறா என்று கடையில் உட்கார்ந்து தீர்மானிக்கிற அதிகாரம் நமக்கு இல்லை.

ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் மாறுதல் எதையும் காட்டவில்லை. பணியில் இருந்த மருத்துவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கைப்பிடியைப் பிடிப்பதுபோலக் குனியச் சொன்னார். இறுக்கம் வந்தது. நிமிரச் சொன்னார். போனது.

"வயிறு முட்டுது சார். ஹேண்டில உயர்த்தி வைக்கச் சொல்லுங்க."

"நெஞ்சுன்னு நெனச்சது தொப்பையா?" என்றாள் வசந்தா. சிரித்தாள், சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாய் கைப்பிடியின் தண்டில் வளையங்களைச் செருகி உயர்த்திக் கொடுத்தார். வண்டி வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்றது. டயருக்குக் காற்றடித்தேன், துடைத்தேன், மணியை அடித்துப் பார்த்தேன். தெருவில் இறக்கவில்லை. பதில் வரவில்லையே.

மருத்துவமனைக்கு நினைவூட்டுக் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது வசந்தா வந்து நின்றாள்.

"டாக்டர் வாயால சொல்லிட்டாரு. டெஸ்ட் எடுத்தாச்சு. இன்னும் யாரு சொல்லணும்?"

"எழுத்துல வரணும்."

"பயமா இருக்குன்னு சொல்லுங்க. எனக்கும்தான் பயமா இருக்கு. அதுக்கு எதுக்குங்க கண்காணிப்பாளரு?"

பேனாவை மூடினேன்.

மறுநாள் காலை மேலூர் சாலையில் ஓட்டினேன். போக்குவரத்துக் குறைவு, மேடில்லை. வசந்தா ஸ்கூட்டரில் மாத்திரைப் பெட்டியுடன் பின்னால் வந்தாள். "நேரா பாத்து ஓட்டுங்க, என்னைப் பாக்காதீங்க" என்று கத்திக்கொண்டே வந்தாள். கைகள் பிரேக்கை இறுக்கியபடியே இருந்தன. ஒவ்வொரு பள்ளமும் என் தலைக்காக வெட்டியதுபோலத் தெரிந்தது. வாழைத்தோட்டம் வந்தது, காற்று வந்தது. ஆற்றோரம் நின்றபோதுதான் தெரிந்தது, கொஞ்ச தூரம் என் இதயத்தைக் கேட்காமலே வந்திருக்கிறேன் என்று. தெரிந்த உடனே பயம் வந்துவிட்டது. கை காலருக்குப் போனது.

அந்தப் பயம் போய்விடும் என்று உங்களுக்கு நான் பொய் சொல்லப்போவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் இப்போதும் ஓட்டுகிறேன். ஸ்கூட்டரைப்போல அதுவும் பின்னால் வருகிறது. முந்திப் போவதில்லை, அவ்வளவுதான். உடல் எனக்கு முன்பு ஒரு வாகனமாக இருந்தது, ஏறி உட்கார்ந்து போவேன். இப்போது அதன் ஒவ்வொரு ஒலியையும் கேட்டு, அனுமதி வாங்கிப் போகிறேன்.

காலமும் மாறிவிட்டது. பதில் தாமதமானால் முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நான் இருக்கும் நாள்.

தெருவில் காவிரிக்குப் போகிற கூட்டம் சீர்த்தட்டுகளோடு போய்க்கொண்டிருந்த காலையில் தபால்காரர் வந்தார்.

"சார் இருக்காருங்களா?"

"இருக்காரு" என்றாள் வசந்தா வாசலிலிருந்து. "சைக்கிளுக்குக் காத்தடிச்சிட்டு இருக்காரு."

மருத்துவமனைக் கடிதம். கையொப்பமிட்டு வாங்கினேன். உள்ளே ஒரே வரி: மிதிவண்டி ஓட்ட ஆட்சேபணை இல்லை. பழைய பழக்கத்தில், உறையின் மூலையில் பெற்ற தேதியை என் கையாலேயே குறித்தேன்.

ஆடிப் பதினெட்டு.