சேவலுக்கு எதற்குக் கிளிஞ்சல்

எனக்கு வயிற்றெரிச்சல்தான். மூடி மறைக்க என்ன இருக்கிறது? கல்லூரியில் நான் இயற்பியல் நடத்துகிறேன். பக்கத்து அறை விலங்கியல் மேடம் என்னைவிடப் பத்து வயது இளையவள். ஆறு வருடம் உயிரைக் கொடுத்து நான் எழுதிய ஆய்வேட்டை நூலகத்தில் ஒருவர்கூடப் புரட்டியதில்லை. அவள் அறிவியல் தினத்துக்கு எடுத்த ஆராய்ச்சி என்ன தெரியுமா? இளவரசனை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏழு கடல் தாண்டுகிற கதைப் பறவைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் வேண்டும் என்பது. கல்லூரியே அதைப் பற்றித்தான் பேசியது.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். தீவனக் கணக்குக்கு அவள் என் வீட்டுக்காரரைப் பிடித்தாள். அவருக்கு எருமப்பட்டி பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை. வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்லவே கூலி கேட்கிற ஆள். அன்றைக்குப் போனில் முக்கால் மணி நேரம் பேசினார்.

"ஆளைத் தூக்கீட்டுப் பறக்கோணும்னா மக்காச்சோளத்தைக் கூட்டுங்க. கிளிஞ்சல் சேர்க்க மறந்துராதீங்க, இல்லீன்னா முட்டை ஓடு தோலாட்டம் ஆயிரும்."

நடுநடுவே சிரிப்பு வேறு. நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று இந்த மனுஷன் ஒரு தடவை கேட்டிருப்பாரா? இன்றைக்காவது கேட்க மாட்டாரா என்று காத்திருக்கிறேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அறிவிப்புப் பலகையில் அவள் ஒட்டியிருந்த தாளை வரிவரியாகப் படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான். கிடைத்தது. கதையில் பேடை கூட்டில் அடைகாக்கிறது. இளவரசனைச் சுமப்பது ஆண் பறவை. இவர்களோ அதற்கு முட்டைக்கோழித் தீவனம் கலக்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் பெட்டைக் குஞ்சு மட்டும்தான் வாங்குவார்கள். சேவலைக் கண்ணில் பார்க்காமலே ஆயிரக்கணக்கில் கோழி வளர்ப்பவருக்குப் பறவை என்றாலே முட்டை போடுவதுதான்.

அறிவியல் தினத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் என் வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில். என் பேச்சு எதற்கும் அவர் வந்ததில்லை. அவள் பேசி முடித்ததும் நான் எழுந்தேன்.

"ஏனுங்க மேடம், கதையில அது ஆணாச்சுங்களே. முட்டையே போடாததுக்கு எதுக்குங்க அத்தனை கிளிஞ்சல்?"

அரங்கம் சிரித்துத் தீர்த்தது. அவள் முகம் தொங்கிப்போகும் என்று பார்த்தேன். அவள்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள். "நல்லாப் புடிச்சீங்க அக்கா" என்று அங்கேயே அடித்துத் திருத்தினாள். எனக்கு எல்லாம் சப்பென்று போய்விட்டது.

திரும்பும்போது வண்டியில் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சேவலுக்குக் கிளிஞ்சலப் போட்டு, சுண்ணாம்பு ஏறிக் கிட்னியக் கெடுத்திருப்போம் போ. ஏனம்மிணி, அத்தாம்பெரிய பறவை மொதல்ல பறக்குமா?"

பதினாறு வருடத்தில் முதல் கேள்வி. அதுவும் என் பாடத்தில். உருவம் நீள அகல உயரத்தில் இரண்டு மடங்கானால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்குதான், எடையோ எட்டு மடங்கு, அதனால் எழும்பவே எழும்பாது என்று வழி நெடுகச் சொன்னேன். வண்டியை மெதுவாக ஓட்டி, உம் கொட்டிக் கேட்டார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. எந்த அளவு வரைக்கும் பறக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"இரு அம்மிணி" என்று சட்டைப்பையில் கைவிட்டார். "மறக்கறதுக்குள்ள மேடத்துக்குப் போனப் போட்டு இதையச் சொல்லீட்டு வாரேன்."